பாண்டாவுக்கு விபூதி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளி விலை பற்றிய உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், யானை, பாண்டா, கூக்கபரா என்ற ஆஸ்திரேலியப் பறவை ஆகியவற்றின் படம் போட்ட வெளிநாட்டு வெள்ளி நாணயங்களையும் ‘நல்ல முதலீடு’ என்று ஒரே வரியில் சேர்த்துவிட்டார்கள். தபால் துறையில் வேலை பார்த்த காலத்திலிருந்து நாணயம் சேர்ப்பவன் நான். அந்த ஒரு வரியை நம்பி யாரும் கடைக்கு ஓடிவிடக் கூடாதே என்று எழுதுகிறேன்.

இந்த நாணயங்களுக்கு இரண்டு விலை. வெள்ளிக்கு ஒன்று, படத்துக்காக மேலே போட்டுக் கொடுப்பது இன்னொன்று. சோமாலியா யானை நாணயம் ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் வெள்ளி. மறுபக்கம் இரண்டு சிறுத்தைகள் தாங்கிப் பிடிக்கும் அந்நாட்டுச் சின்னம், முகமதிப்பு 100 ஷில்லிங். அடிப்பதென்னவோ ஜெர்மனியில், பவேரிய அரசு நாணயச் சாலையில்! அந்த 100 ஷில்லிங்குக்காக யாரும் வாங்குவதில்லை. ஆண்டுக்கு ஒரு புது யானை வருகிறதே, அதற்குத்தான் மவுசு.

பாண்டா நாணயம் அடிக்கும் சீனர்களுக்கே இது பட்டுத்தான் புரிந்தது. 2001-இல் போட்ட பாண்டாவையே 2002-இலும் போட்டார்கள். இனி மாற்றுவதில்லை என்பது திட்டம். சேகரிப்பவர்கள் குரல் கொடுக்கவே, 2003-இல் புதுப் பாண்டா வந்துவிட்டது. அப்புறம், 2016 முதல் அந்த நாணயம் ஒரு அவுன்ஸ் அல்ல, 30 கிராம்தான். வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள்.

விற்கப் போனால் எங்கள் ஊர்க் கடைவீதியில் பாண்டாவும் பழைய கொலுசும் ஒன்றுதான். தராசில் போட்டு, கழிவு போக மீதிக்குத்தான் காசு. படத்துக்குப் பணம் தருபவரை நாணயக் கண்காட்சியில்தான் பிடிக்க வேண்டும். அவரும் லென்ஸ் வைத்துப் பார்க்காமல் பையில் கை விடமாட்டார்.

சொந்தக்காரப் பெண் ஒருத்தி அண்மையில் ஒரு பாண்டா நாணயத்தை விற்றுத்தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். குங்குமச்சிமிழைத் துலக்கிய கையோடு இதையும் விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறாள். படத்தைச் சுற்றி வழவழவென்று இருக்க வேண்டிய வெற்றிடம் முழுக்க மெல்லிய கீறல். பாண்டாவின் காதோர ரோமக் கோடுகள் மழுங்கிவிட்டன. பளபளப்புக்குக் குறைவில்லை, சேகரிப்பவர்தான் தொடமாட்டார். கறுத்தாலும் சரி, மில்க் ஸ்பாட் எனப்படும் வெள்ளைத் திட்டு விழுந்தாலும் சரி, அப்படியே விடுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டாம்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, இதே நாணயத்தைக் கடைக்காரர்கள் என்ன விலைக்குத் திரும்ப எடுக்கிறார்கள் என்று விசாரித்து, அதையும் பக்கத்திலேயே ஒரு கட்டத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
கும்பகோணம்