நான்கு பெயர்களையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்கள் 4×100 மீட்டர் தொடர் ஓட்டச் செய்திகளில் பெரும்பாலும் கடைசியாக ஓடியவரின் படமும் பெயரும்தான் வருகின்றன. மற்ற மூவர் என்ன பாவம் செய்தார்கள்?

2022-இல் அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்த உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் 100 மீட்டரின் மூன்று பதக்கங்களையும் அள்ளிய ஜமைக்கா வீராங்கனைகள் மூவருமே ரிலேயிலும் ஓடினார்கள். ஆனாலும் தங்கம் அமெரிக்காவுக்கு. 41.14 விநாடி, ஜமைக்கா 41.18. 30 மீட்டர் எல்லைக்குள், திரும்பிப் பார்க்காமல், முழு வேகத்தில் கோலைக் கைமாற்றுவது லேசான வேலையா? அதில் பிசிறினால் எப்பேர்ப்பட்ட வேகமும் போதாது.

மெலிசா ஜெபர்சன், ஆபி ஸ்டெய்னர், ஜென்னா பிராண்டினி, டுவானிஷா டெர்ரி. அந்த அமெரிக்க அணியின் நால்வரும் சேர்ந்துதான் ஜெயித்தார்கள். அடுத்த ரிலே செய்தியில் நான்கு பெயர்களையும், ஓடிய வரிசையிலேயே, தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி