பச்சைப் பாலும் மூன்றாம் நாள் தடிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காங்கேயம் பக்கம் எங்கள் கட்டுத்தரையில் ஐந்து உருப்படி. அதில் ஒரு சிந்து மாடு சோளத்தட்டை முகர்ந்துவிட்டுச் சும்மா நிற்கும். விலா எலும்பை எண்ணலாம். விடியற்காலையில் வறட்டு இருமல் வேறு. சளிதான் என்று மிளகும் வெற்றிலையும் கொடுத்து வந்தேன். மாட்டு டாக்டர் கழுத்தில் மயிரை மழித்து, காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் டியூபர்குலின் ஊசியைத் தோலுக்குள் போட்டார். 72 மணி நேரம் கழித்து வந்து தடிப்பை அளந்தார். காசநோய்! கொழுகொழுவென்று இருக்கும் மாட்டுக்கும் இது இருக்கலாமாம்.

கிருமி பாலிலும் வரும். பச்சைப் பால்தான் சத்து என்று கறந்த சூட்டோடு பேரனுக்குக் கொடுத்தவள் நான்தான். இப்போது பொங்கக் காய்ச்சாமல் ஒரு சொட்டு தருவதில்லை.

சந்தையில் பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம்; இந்த ஊசியை யார் கேட்கிறோம்? கால்நடை முகாம்களில் இதையும் போட வேண்டும். மூன்றாம் நாள் வந்து பார்க்கவும் ஆள் வேண்டும்.

ஒரு விவசாயி,
காங்கேயம் வட்டம்.