மஞ்சள் எம்ஜிபி ஓடுகிறது: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் பழையதாக வாங்கிப் பழுதுபார்த்துவந்த 1968 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது மேற்கூரையை மடிக்கக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், போன மாதம் ரோட்டில் இறங்கிவிட்டது. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் டிட்காட்டில் கிளம்பி வான்டேஜ் போய், அங்கிருந்து நியூபரிக்குப் போகும் மேட்டுச் சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். வழியில் நின்றால் கட்டி இழுத்து வருவதற்காக ஒரு நண்பர் கயிறோடு பின்னாலேயே வந்தார். அவருக்குக் கடைசி வரை வேலை வரவில்லை. முதல் நன்றி அவருக்கு.

தெருவில் உள்ள ஆங்கிலேய நண்பர்களுக்கு நேரில் சொல்லி, தனியாகக் கடிதமும் கொடுத்தாயிற்று. ஆனால் உதவியவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பார்க்கும்போதெல்லாம் "வண்டி என்னாச்சு?" என்று கேட்டவர்களும் உண்டு. அதனால் இதைத் தமிழில், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காரை விற்ற பெரியவர் நினைத்திருந்தால், பாகம் பாகமாகக் கழற்றி விற்று இன்னும் அதிகம் காசு பார்த்திருப்பார். ஓட்டப் போகிறவருக்குத்தான் தருவேன் என்று பிடிவாதமாக இருந்தார். கூடவே ஒரு பழைய ஷூ பெட்டி நிறைய ரசீதுகளையும் கொடுத்தார். அவற்றில் ஒன்று, எஞ்சின் ஹெட்டில் கெட்டியான எக்ஸாஸ்ட் வால்வு சீட் (புகை வெளியேறும் வால்வு வந்து உட்காரும் வளையம்) ஏற்கெனவே போட்டிருப்பதைச் சொன்னது. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 1999 கடைசியோடு நின்றுவிட்டது. ஈயமில்லாத பெட்ரோலில் விரட்டி ஓட்டினால் பழைய சீட்டுகள் தேய்ந்து உள்ளே இறங்கிவிடும். அந்த ஒரு ரசீதால் எங்களுக்கு ஹெட்டைக் கழற்றுகிற வேலையே மிச்சம்.

கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்தாருக்கும் நன்றி. சேசிஸ் நம்பரை எழுதிக் கட்டணம் கட்டினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு சான்றிதழ் தருகிறார்கள். நாங்கள் வாங்கும்போது வண்டி பச்சை. பிறந்தபோது வெளிர் மஞ்சளாம். என் மனைவிக்குச் சிவப்பு அடிக்க வேண்டும் என்று ஆசை. சான்றிதழைப் பார்த்துவிட்டு, "சரி, அதோட நிறத்தை அதுக்கே குடுத்துருவோம்" என்று விட்டுக்கொடுத்தார். கராஜில் இடமில்லாமல் ஒரு குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் காரின் டாஷ்போர்டு மீட்டர்கள் கிடந்ததையும் பொறுத்துக்கொண்டார். அதற்கு நன்றி என்ற சொல் போதாது என்று அவரே சொல்லிவிட்டார்.

இப்போது பக்கத்து வீட்டுத் தாத்தா. அவர் இளவயதில் அபிங்டன் எம்ஜி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். 1980 அக்டோபரில் மூடிவிட்டார்கள். அங்கே தானாக நகரும் அசெம்ப்ளி லைன் கிடையாது. ஒரு கட்டத்து வேலை முடிந்ததும் அடுத்த கட்டத்துக்கு வண்டியைக் கையால்தான் தள்ளுவார்களாம். 1962 முதல் 1980 வரை அப்படித் தள்ளித் தள்ளியே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகளை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் டீயை ஆறவிட்டிருக்கிறேன்.

எம்ஜிபிக்குத் தனியாக சேசிஸ் சட்டம் இல்லை. பாடிதான் சுமை தாங்குகிறது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லையா, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' (sill) என்ற தகட்டுப் பகுதிகள்தான் வண்டியின் முதுகெலும்பு. துருவும் அங்கேதான் முதலில் ஏறும். எங்கள் வண்டியில் வெளித் தகடு பளபளவென்று இருந்தது. தாத்தா ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு குத்துக் குத்தினார். உள்ளே போய்விட்டது. யாரோ பழைய துருவின்மேல் புதுத் தகட்டை வைத்து, புட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

அவர் கற்றுக்கொடுத்த முறையை, இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன். வெட்டுவதற்கு முன் கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்ட் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு சாத்தாது. ஒரு பக்கம் முழுசாக முடியாமல் மறுபக்கத்தைத் தொடக் கூடாது. உள் சில், அதற்கடியில் கோட்டைமதில் மாதிரி விளிம்பு வெட்டிய 'காஸில்' (castle) பகுதி, கடைசியாக வெளிச் சில் என்று வரிசை. ஒவ்வொரு டேக் வெல்டுக்கும் (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் பொட்டு வெல்ட்) பிறகு கதவை மாட்டிச் சாத்திப் பார்க்க வேண்டும். கதவைச் சுற்றி இடைவெளி ஒரே சீராக வந்தால்தான் அடுத்த வெல்ட். சாத்து, திற, மறுபடி சாத்து. இதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இருக்காது என்றுதான் அப்போது நினைத்தேன். இன்று அந்தக் கதவு ஒரே 'டப்'பில் சாத்துகிறது. வருகிறவர்களிடமெல்லாம் சாத்திக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

தகடுகள் கிடைத்ததற்குக் காரணமானவர்களையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து 1988இல் எம்ஜிபிக்கு முழுப் புது பாடியே கொண்டுவந்தது. ஐம்பத்தைந்து வயது தாண்டிய காருக்கு இன்றும் புதுச் சில் வாங்க முடிகிறது என்றால் அதன் பின்னால் இப்படிப்பட்டவர்களின் பிடிவாதம் இருக்கிறது. எல்லா உதிரிபாகமும் இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கடையில் வாங்கிய ரப்பர் உறைகள், வண்டி ரோட்டைப் பார்ப்பதற்குள்ளேயே வெடித்துவிட்டன. கடையின் பெயர் வேண்டாம், விடுங்கள்.

அப்புறம், கோவை சிங்காநல்லூரில் இருக்கும் மெக்கானிக் அண்ணன். எம்ஜிபியை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் ஆயுள் முழுக்க அம்பாசடர் பார்த்தவர். அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும், எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) உருவாக்கிய ஒரே 'பி சீரிஸ்' எஞ்சின் குடும்பம். முதல் வீடியோ அழைப்பில் எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரைத் திறந்து காட்டினேன். "அட, இது நம்மூட்டு எஞ்சினுங்க தம்பி" என்றார்.

டேப்பெட் அட்ஜஸ்ட் செய்ய, அதாவது எட்டு வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்ய, அவர் சொன்ன கணக்கு: எட்டாவது வால்வு முழுசாக அழுந்தியிருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும். ஆறு அழுந்தினால் மூன்று, நான்கு அழுந்தினால் ஐந்து. "கூட்டுனா ஒம்போது வரோணும், அவ்ளோதான்." இடைவெளி பதினைந்து 'தௌ' (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த ஒன்பது கணக்கு இங்குள்ள எம்ஜி ஆட்களுக்கும் தெரியும். ஆனால் எனக்குக் கோவைத் தமிழில்தான் மனதில் நின்றது. அம்பாசடருக்கு ஒரே கார்புரேட்டர், இதற்கு எஸ்யூ என்ற வகையில் இரண்டு. அதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொன்றின் வாயருகிலும் பிடிக்கச் சொன்னார். 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாகிற வரை திருகினோம். ஐட்லிங் சீராக வந்துவிட்டது. அங்கே அப்போது இரவு பதினொன்றரை மணி. போனைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய மகளுக்கும் நன்றி.

எஞ்சினைத் தூக்கி இறக்க ஹாயிஸ்ட் (பாரம் தூக்கி) கொடுத்தவர் ரெடிங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர். போர்க்காலத்தில் பெட்ரோல் வராதபோது, பழைய ஆஸ்டினை மண்ணெண்ணெயில் ஓட்டிய வீட்டுப் பிள்ளை. முதல் ஸ்டார்ட்டுக்கு எஞ்சின் இருமிக்கொண்டே இருந்தபோது எல்லோர் முகமும் தொங்கிவிட்டது. அவர் மட்டும், "பத்தும், கொஞ்சம் பொறுங்கோ" என்றார். பற்றியது. அன்று அக்கா கட்டிக்கொடுத்த இடியப்பமும் சம்பலும் கிரீஸ் கையோடேயே முடிந்துவிட்டது.

நாற்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 முதல் எம்ஓடி சோதனை (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்தரச் சோதனை) கட்டாயமில்லை. இருந்தும் கொண்டுபோனேன். பிரேக் குழாய் ஒன்று ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உரசும் என்று கண்டுபிடித்துச் சொன்ன அந்தச் சோதகருக்கு, வீட்டிலுள்ள எல்லோர் சார்பிலும் நன்றி.

வண்டி வேகமானதா என்று கேட்காதீர்கள். புதிதில் 95 குதிரைசக்தி. இன்று சாதாரண ஹாட்ச்பேக் தாண்டிப் போய்விடும். ஆனால் கூரையை மடித்துவிட்டு தரையை ஒட்டி உட்கார்ந்து, மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) சுவிட்சைத் தட்டியதும் எஞ்சின் குரல் ஒரு படி இறங்குகிறதே, அதற்காக எவ்வளவு துருவையும் சுரண்டலாம்.

ஹாயிஸ்டை வருகிற ஞாயிறு ரெடிங்குக்குக் கொண்டுவந்து தருகிறேன், அண்ணர். டார்க் ரெஞ்ச் யாருடையது என்று தெரியவில்லை. கைப்பிடியில் நீல டேப் சுற்றியிருக்கிறது, உரியவர் சொல்லுங்கள். வண்டியில் ஏறிப் பார்க்க விரும்புகிறவர்கள் போன் செய்துவிட்டு வாருங்கள். சீட் இரண்டுதான், ஹீட்டர் இன்னும் வேலை செய்யவில்லை, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரவும்.

அன்புடன்,
டிட்காட்டிலிருந்து, மஞ்சள் கார்க்காரன்