இருபது வருடமாக நகராத 200 ரூபாய்: ஊரக வளர்ச்சி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கை உயர்த்தவும், விலைவாசியோடு இணைக்கவும் கோருதல்.

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் உங்கள் அமைச்சகத்தின் கையில்தான் இருக்கிறது. அதன் விதிகளை நான் உங்களுக்கு விளக்குவது அழகல்ல. 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 ஆகிவிட்டால் 500. அந்த 200 ரூபாய் 2006 ஏப்ரலில் முடிவானது. அதை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு முறையா, இரண்டு முறையா, திரும்பத் திரும்பப் பரிந்துரைத்துவிட்டது. அரசும் பதில் எழுதிவிட்டது. தொகை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இப்போது இந்த மடலை எழுத வைத்தது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பாட்டி. எழுபது தாண்டியவர். கணவர் இல்லை. நாற்பது வருடம் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். மாதா மாதம் வங்கி முகவர் கையடக்கக் கருவியோடு வருவார், பாட்டி கட்டை விரலை வைப்பார், பணம் வரும். சில மாதங்களாக அது நடக்கவில்லை. "ரேகை விழல பாட்டி" என்கிறார் அந்தத் தம்பி. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். சேலைத் தலைப்பில் தேய்த்து வைக்கச் சொன்னார். ஆள்காட்டி விரல், நடு விரல், இடது கை என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கருவியில் சிவப்பு விளக்குதான் எரிகிறது. ஆதார் மையத்துக்குப் போய்ப் புதுப்பித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே இருந்த கருவியிலும் அதே கதை. அடுத்து வங்கி. வங்கியில் இருந்தவர் தாலுகா அலுவலகத்தைக் கை காட்டினார். தாலுகாவில், கருவி வங்கியுடையது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பாட்டியின் கைரேகையைத் தேய்த்தது வேறொன்றும் இல்லை, வேலைதான். முதலில் சாம்பல், அப்புறம் சோப்புக் கட்டி, அப்புறம் இரும்பு நார். உழைத்து ஓய்ந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் எந்த அலுவலகமும் தர முடியாது. அதே கையைக் காட்டித்தான் அவருடைய அடையாளம் உறுதியாகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஷேர் ஆட்டோவுக்கு அவர் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால், உங்கள் பங்கான 200 ரூபாய் எந்த மூலைக்கு?

இதற்காக யாரையும் பெயர் சொல்லிக் குறை கூற நான் வரவில்லை. கருவியோடு வரும் தம்பிக்கும் பெரிய சம்பளம் கிடையாது. என் கேள்வி தொகையைப் பற்றியது. அதை நிர்ணயிப்பது டெல்லி.

நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டிப்போட வேண்டும் என்று கேட்கும் ஆள் இல்லை. படிப்படியாகத்தான் சமுதாயம் மாறும், சட்டத்தின் வழியே, பட்ஜெட்டின் வழியே, தேர்தலின் வழியே மாறும் என்று நம்புகிறவன். 1955 ஜனவரியில் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டதே, அதற்குப் பின்னால் இருந்ததும் இந்த நம்பிக்கைதான். இளைஞர் நேரு லண்டனில் இருந்த காலத்தில் அவரை ஈர்த்த ஃபேபியன்களின், அதாவது ஃபேபியன் சங்கம் என்ற பிரிட்டிஷ் சோசலிச அமைப்பினரின், வழி அது. நம் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட்டும் ஒரு காலத்தில் அந்தச் சங்கத்தில் இருந்தவர்தான்.

1884இல் லண்டனில் தொடங்கிய அந்தச் சங்கம், போரில் நேரடியாக மோதாமல் காலம் கடத்தியே எதிரித் தளபதி ஹானிபாலைச் சோர வைத்த ரோமானியத் தளபதி ஃபேபியஸின் பெயரை வைத்துக்கொண்டது. சின்னமாக ஆமை. இதை வைத்துக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய முதல் பிரசுரத்தில் இருந்த வாசகத்தின் சாரத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை: சரியான தருணத்துக்காகப் பொறுமையாகக் காத்திரு, தருணம் வந்ததும் ஓங்கி அடி, இல்லாவிட்டால் காத்திருந்தது அத்தனையும் வீண். முதல் பாதியை நம் அரசுகள் மனப்பாடமாகவே வைத்திருக்கின்றன.

அந்த வழி பிரிட்டனில் எப்படி நடந்தது என்று பாருங்கள். 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 70 வயது ஆகியிருக்க வேண்டும், வருமானச் சோதனை உண்டு, வாரம் ஐந்து ஷில்லிங். அற்பத் தொகைதான். சட்டம் கொண்டுவந்தது லிபரல் அரசு. ஃபேபியன்களும் தொழிற்சங்கங்களும் வெளியிலிருந்து நெருக்கினார்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு அது பத்து ஷில்லிங் ஆனது. 1925 சட்டம் சந்தா கட்டிய தொழிலாளிகளுக்கு வயதை 65 ஆக இறக்கியது. 1946இல் தொகை 26 ஷில்லிங். மெதுவாகத்தான் போனார்கள், ஆனால் போனார்கள். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒரு அமைச்சர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நம் கணக்கு இது. 1995 ஆகஸ்ட் 15 அன்று திட்டம் தொடங்கியபோது 75 ரூபாய். 2006இல் 200. 2007இல் திட்டத்தின் பெயர் மாறியது. 2011இல் வயது வரம்பு 65இலிருந்து 60க்கு இறங்கியது, 80 கடந்தவர்களுக்கு 500 ஆனது. அதெல்லாம் நல்ல மாற்றங்கள், மறுக்கவில்லை. அதற்குப் பிறகு? அரிசி, பருப்பு, மாத்திரை என்று எல்லாமே ஏறிவிட்ட பிறகும் 200 ரூபாய் 200 ரூபாயாகவே இருந்தால், நீங்கள் ஒவ்வொரு வருடமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறீர்கள் என்றுதான் பொருள். கையெழுத்தே போடாமல் குறைக்கிறீர்கள். படிப்படியாகத்தான் நடக்கிறது, ஆனால் கீழ்நோக்கி.

மாநில அரசு மீதியைப் போடுகிறதே என்பீர்கள். போடுகிறது. தமிழ்நாட்டில் 1962இலேயே முதியோர் உதவித்தொகை வந்துவிட்டது. 2023இல் அது 1,200 ரூபாய் ஆனது. அதில் ஆயிரம் மாநிலத்தின் பணம். மாநிலத்துக்குப் பணம் இல்லாத ஊர்களில் பிறந்த முதியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சரி, எவ்வளவு உயர்த்துவது, எதை வைத்து உயர்த்துவது என்பதுதானே சிக்கல்? அதற்கும் நீங்களே வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விலையுயர்வுக் குறியீட்டின்படி தானாகவே உயர்த்த 2018 நிதிச் சட்டத்தில் ஏற்பாடு செய்தீர்கள். வருமான வரிக் கணக்கில் வருகிற அதே குறியீடு. அதன்படி 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது: மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000, முன்னாள் உறுப்பினர் ஓய்வூதியம் 25,000இலிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. நிலைக்குழு கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. யாருடைய கட்டை விரலும் தேயவில்லை.

உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சூத்திரத்தையே எங்கள் பாட்டிக்கும் போடுங்கள் என்கிறேன். 2006-07இல் அந்தக் குறியீடு 122. 2025-26இல் 376. அப்படியானால் 200 ரூபாய் 2025-26இலேயே 616 ரூபாயாகியிருக்க வேண்டும். பயனாளிகள் சுமார் 2.2 கோடிப் பேர். எல்லோருக்கும் 416 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதாக வைத்து மேலாகக் கணக்குப் போட்டாலும் வருடத்துக்குச் சுமார் 11,000 கோடி. 2025-26 ஒன்றிய பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாயில் கால் ரூபாய்கூட வரவில்லை. 616 ரூபாயில் ஒருவர் வாழ்ந்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். இது புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை, 2006இல் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது.

இதை எழுதும்போதே தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இலிருந்து ஆயிரம் ரூபாயிலேயே நிற்பதும் நினைவுக்கு வருகிறது. வைப்பு நிதிக்காகச் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவர்களுக்கே அந்த நிலை. முதுமைக்கு இப்போதே சேமியுங்கள் என்று இளைஞர்களுக்கு விளம்பரம் போடுகிறார்கள். பாத்திரம் தேய்த்தவரிடம் சேமிக்க என்ன மிஞ்சியிருக்கும் என்று அந்த விளம்பரம் எழுதியவரைக் கேட்க வேண்டும். ஆனால் அது உங்கள் துறை இல்லை. என் கோரிக்கைக்கு வருகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமையைச் சொல்கிறது. அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு. அந்தச் சக்தி 2006இல் இருந்ததைவிட இப்போது பல மடங்கு கூடிவிட்டது என்று மேடைதோறும் பெருமையோடு சொல்லக் கேட்கிறோம். எங்களுக்கும் பெருமைதான்.

ஆகவே தயவுசெய்து மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஒன்றிய அரசின் பங்கான 200 ரூபாயை, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பயன்படுத்தும் அதே குறியீட்டின்படி உயர்த்துங்கள். இனி அது ஆண்டுதோறும் தானாக உயரும்படி விதியில் எழுதுங்கள். விரல் ரேகை விழாதவர்களுக்கு அந்த மாதப் பணத்தை நிறுத்தாமல் கொடுத்துவிட்டு, அடையாளத்தை வேறு வழியில் சரிபார்க்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மூன்றாவதற்குப் பட்ஜெட் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரமே அனுப்பலாம்.

முதல் இரண்டும் அடுத்த பட்ஜெட்டில் வராது என்றால், எந்த ஆண்டில் வரும் என்பதையாவது எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாக்காளன்