எரிக்கும் முன் ஃபர்ஃபுரால் எடுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிர்க்கழிவைப் பயன்படுத்துவது பற்றிய பேச்சு பெரும்பாலும் மின்சாரத்தோடும் எத்தனாலோடும் நின்றுவிடுகிறது. கோவை வார்ப்படத் தொழிலுக்கு நெருக்கமான ஃபர்ஃபுரால் என்ற கரிம வேதிப்பொருளும் அதில் இடம்பெற வேண்டும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1920-களின் தொடக்கத்தில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம், குவிந்துகிடந்த ஓட்ஸ் உமியிலிருந்து இதைத் தொழில் அளவில் எடுக்கத் தொடங்கியது. இன்று உற்பத்தியில் முன்னிற்கும் சீனா, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க்கட்டையைப் பயன்படுத்துகிறது. கழிவின் நாரில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைத் தொடர், நீர்த்த கந்தக அமிலமும் உயரழுத்த நீராவியும் பட்டுச் சைலோஸ் சர்க்கரையாக உடைகிறது. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃபுரால் ஆகிறது. வடித்தவுடன் நிறமற்று, வாதுமை மணத்தோடு இருக்கும் இத்திரவம் காற்றுப்பட்டால் கறுத்துவிடும். இதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கிடைக்கும் ஃபர்ஃபுரைல் ஆல்கஹாலே ஃபவுண்டரிகளில் மணலைப் பிணைக்கும் பசையாகப் புழங்கும் ஃபுரான் ரெசினுக்கு மூலப்பொருள். அந்த ரெசினையும் அமில வினையூக்கியையும் மணலில் கலந்தால், சூடேற்றாமலே அச்சு இறுகிவிடும்.

கரும்புச் சக்கையிலிருந்தும் இதை எடுக்கலாம் என்றால், சக்கை ஒன்றும் வீணாகவில்லையே, கொதிகலனில்தானே எரிகிறது என்று சர்க்கரை ஆலையினர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஃபர்ஃபுராலாக மாறும் ஹெமிசெல்லுலோஸ், நாருக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைவிடக் குறைந்த வெப்பமே தரும். அதைப் பிரித்த பிறகு எஞ்சும் செல்லுலோஸையும் லிக்னினையும் அதே கொதிகலனில் எரிக்கலாம். 1860 முதல் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தென்னாப்பிரிக்காவின் நட்டால் கரையில், சேசெலா சர்க்கரை ஆலையை ஒட்டி இத்தகைய ஆலை இயங்கிவருகிறது. காகித ஆலைக்குப் போகும் சக்கையைத் தொட வேண்டாம். அங்கே அதற்கு நல்ல பயன் இருக்கிறது.

தனியாக ஒரு சிற்றாலை போட்டு மானியம் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு டன் ஃபர்ஃபுரால் எடுக்கப் பல டன் நீராவி செலவாகும் என்பதால், கொதிகலனும் சக்கையும் ஒரே வளாகத்தில் இருந்தால்தான் கட்டுப்படியாகும். வெளியேறும் கழிவுநீரில் அசிட்டிக் அமிலம் மிகுதியாக இருக்கும். அதை அப்படியே வாய்க்காலில் விட்டால் பாசனக் கிணறுகள் என்னவாகும் என்பதைச் சாயப்பட்டறைகளால் நொய்யல் பட்ட பாட்டைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே, சக்கையை எரித்து நீராவியோடு மின்சாரமும் எடுக்கும் இணைமின் உற்பத்தி வசதியுள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒன்றில் அரசு முதலில் சோதனை அலகை நிறுவி, கழிவுநீரிலிருந்து அமிலத்தைப் பிரித்தெடுக்கும் மீட்பு அமைப்பு முறையாக இயங்குவதை உறுதிசெய்த பின்னரே மற்ற ஆலைகளுக்கு அனுமதி வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.