தீவனக் கட்டில் தொங்கும் நார்ச் சீட்டு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மாதவரம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதத்திலிருந்து தீவனக் கட்டுகளில் ஒரு சீட்டு தொங்குகிறது. என்.டி.எஃப் இவ்வளவு சதவீதம், ஏ.டி.எஃப் இவ்வளவு சதவீதம் என்று, தீவனத்திலுள்ள நாரைச் சொல்லும் இரண்டு எண். அதைப் பொறுத்தே கட்டின் விலையும். அதைப் பார்த்துவிட்டு வியாசர்பாடி அக்கா ஒருவர், "இன்னாபா இது, ஒரே புல்லுக்கு ரெண்டு ரேட்டு?" என்றார். நியாயமான கேள்வி.

முன்பு நாங்களும் கச்சா நார்க் கணக்கைத்தான் நம்பினோம். ஜெர்மனியில் 1860-களில் வந்த முறை அது. தீவனத்தை அமிலத்தில் அரை மணி, காரத்தில் அரை மணி கொதிக்கவிட்டு, மிஞ்சுவதை நார் என்பார்கள். கோளாறு என்னவென்றால், நாரிலேயே ஒரு பங்கு அந்தக் கொதியில் கரைந்துவிடும். தண்டை மரமாக்குகிற, மாட்டு வயிற்றில் செரிக்காத லிக்னினும் அதில் சேர்த்தி. கோடையில் அப்படித்தான் ஒரு லோடு கம்பு நேப்பியர் தீவனப் புல் வாங்கி ஏமாந்தோம். காகிதத்தில் நன்றாகவே இருந்தது. மாடுகளோ இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டு, விரல் தடிமனுக்கு இருந்த தண்டையெல்லாம் தொட்டியிலேயே ஒதுக்கிவிட்டன. அந்தத் தண்டோடு கடைக்கு வந்தவர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை.

இப்போது பார்ப்பது அமெரிக்காவின் பீட்டர் வான் சோஸ்ட் 1960-களில் கொண்டுவந்த முறை. ஷாம்பூவில் நுரைக்காகப் போடும் அதே சோடியம் லாரைல் சல்ஃபேட் கரைசலில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் கரைந்து, செல்லின் சுவர் மிஞ்சும். அது என்.டி.எஃப். அமிலம் சேர்ந்த வேறொரு சோப்புக் கரைசலில் அந்தச் சுவரிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளும் கரைந்துபோய் மிஞ்சுவது ஏ.டி.எஃப். முதல் எண் ஏறினால் மாடு தின்பது குறையும். அடுத்தது ஏறினால் தின்றது செரிப்பது குறையும்.

நாங்கள் போடும் தோராயக் கணக்கு இது: கறவை மாடு ஒரு நாளில் தன் எடையில் 1.2 சதவீதம் அளவுக்கு என்.டி.எஃப் தின்னும். 400 கிலோ மாடு என்றால் 4.8 கிலோ. சீட்டில் 60 என்றிருந்தால் காய்ந்த எடையில் 8 கிலோ உள்ளே போகும். 75 என்றால் 6.4 கிலோவிலேயே வயிறு நிறைந்து படுத்துவிடும். குறைகிற 1.6 கிலோவுக்கு நீங்கள்தான் புண்ணாக்கு வாங்கிப் போடவேண்டும். இரண்டு ரேட்டு அதனால்தான்.

அதற்காக நாரே வேண்டாம் என்று ஓட்டல் சோறும் கஞ்சியுமாக ஊற்றாதீர்கள். அசை போடுவது குறைந்து, எச்சில் ஊறாமல் வயிறு புளித்துப்போகும். பாலில் ஃபேட் இறங்கும். வைக்கோலைத் தூளாக நறுக்கினாலும் இதே கதைதான், சீட்டில் எண் என்னவாக இருந்தாலும். ஆகவே எங்கள் கட்டரில் இரண்டு விரற்கடைக்குக் கீழே நறுக்கித் தரமாட்டோம்; கோபித்துக்கொள்ள வேண்டாம்.

லோடுக்கு ஒரு சோதனைதான். பத்துப் பன்னிரண்டு கட்டுகளின் நடுவிலிருந்து ஒவ்வொரு பிடி உருவிக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். செங்குன்றம் தவிட்டுக்கு இன்னும் சீட்டு கிடையாது. உமி கலந்திருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் எடுக்கிறோம்.

சீட்டு போட்ட கட்டிலும் மாடு தண்டை ஒதுக்கினால், ஒதுக்கியதில் ஒரு பிடியைச் சீட்டோடு கொண்டுவாருங்கள். மீதிக் கட்டை மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடைக்காரர்