மூன்று மருத்துவக் கல்லூரிகளுக்கு, கோட்டையூரிலிருந்து

மதிப்புக்குரிய சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம். மருத்துவப் படிப்பில் ஏன் இடம் தரவில்லை என்று கேட்டு என் பேத்தி உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் என்று சொல்லத்தக்க எதுவும் வரவில்லை. அதனால் நான் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்பது தெரியும். ஆனால் உங்கள் நாட்டில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் படிப்பார்கள். உங்கள் மருத்துவமனைகளில் தமிழ் மருத்துவர்களும் இருக்கிறார்கள். யாராவது உங்கள் காதில் போடட்டும்.

மகன் குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. பேத்தி அங்கேயே பிறந்தவள். அங்கே யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக ஒரு சேர்க்கைப் பருவத்தில் நான்கு மருத்துவப் படிப்புகளுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். கடைசி நாள் அக்டோபர் 15. அதற்கு முன் யூகேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதியாக வேண்டும், அதுவும் பருவத்துக்கு ஒரே முறை. சென்ற ஆடியில் இங்கே வந்திருந்தபோது வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு அதற்குத்தான் பயிற்சி செய்தாள். 2700-க்கு எவ்வளவு வாங்குவாளோ என்று அவள் அப்பத்தாவுக்குத் தூக்கம் போயிற்று.

நான்கில் இரண்டு கல்லூரிகள் நேர்காணலுக்கே அழைக்கவில்லை. இரண்டு அழைத்தன; பிறகு வேண்டாம் என்றன. ஏன் என்று கேட்டு நால்வருக்கும் எழுதினாள். உங்களில் ஒருவர், விண்ணப்பங்கள் மிகுதி, தனித்தனியே கருத்துச் சொல்ல இயலாது என்றீர்கள். ஒருவர், போட்டி கடுமை என்றீர்கள், அது அவளுக்குத் தெரியாதது போல. இன்னொருவர் வாயே திறக்கவில்லை. நான்காவது கல்லூரிக்கு இந்த மடல் இல்லை. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் காரணம் சொல்லாததால் இங்கே காரணங்கள் முளைத்தன. ஏழரைச் சனி என்றார் ஒருவர். பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டதை முடிக்காமல் விட்டதுதான் என்றாள் என் தங்கை. பெயரைப் பார்த்தே தள்ளியிருப்பார்கள் என்றான் சென்னையில் இருக்கும் மருமகன். பேத்தி எதுவும் சொல்லவில்லை; தன்னிடம் ஏதோ பெரிய குறை இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டாள். சனியைச் சொன்னவரையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி கடன் பிரிவில். 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் ஒரு வங்கி கதவைத் திறந்த வட்டாரம் இது. கடன் கொடுப்பதும் மறுப்பதும் எங்களுக்குப் பழக்கப்பட்ட தொழில். முன்பெல்லாம் மறுப்பது சுலபம். ‘மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஒரு வரி. ஆள் எழுந்து போய்விடுவார். 2003-இல் ரிசர்வ் வங்கி, இரண்டு லட்சம் ரூபாய் வரையிலான கடன் மனுக்களை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. 2007-இல் தொகை வரம்பை எடுத்துவிட்டு எல்லாக் கடன்களுக்கும் அதை விரித்தது. நாங்கள் முணுமுணுத்தோம். இருக்கிற வேலையில் இது வேறா என்றோம். நீங்கள் சொல்வதும் அதுதானே.

காரணம் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. சில மறுப்புகளுக்கு என்னிடமே காரணம் இல்லை. கறவை மாட்டுக் கடன் கேட்டு ஒரு அம்மாள் வந்திருந்தார். மறுத்துக் குறிப்பு எழுதியாகிவிட்டது. காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே பேனா ஓடவில்லை. பழைய பாக்கி இல்லை, மேய்ச்சல் இருக்கிறது, பால் ஊற்ற சங்கம் இருக்கிறது. அவர் பேசிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கோப்பை மறுபடி பிரித்துக் கடனைக் கொடுத்தேன். காரணத்தை எழுதச் சொன்னது மனுதாரருக்காக என்றுதான் நினைத்திருந்தேன். என்னை நானே தணிக்கை செய்யவும் அது உதவியது.

இனி நான்காவது கல்லூரி. அவர்கள் நேர்காணல் எட்டு அறைகளில் நடந்தது. அறைக்கு ஒரு மதிப்பீட்டாளர்; மணி அடித்ததும் அடுத்த அறை. அவர்கள் அனுப்பியது அரைப் பக்கம். எட்டு அறைகளிலும் அவள் வாங்கிய மதிப்பெண், பக்கத்தில் எல்லோருடைய சராசரி. பாராட்டு இல்லை, ஆறுதல் இல்லை. ஏழு அறைகளில் சராசரியை ஒட்டியோ மேலேயோ இருந்தாள். ஒன்றில் பாதாளம். அது ஒரு நடிகர் நோயாளியின் உறவினராக உட்கார்ந்திருந்த அறை. எண்ணைப் பார்த்ததும் அவளுக்கே விளங்கிவிட்டது: “ஐயா, அவரைப் பேசவே விடவில்லை. முழு நேரமும் நானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.” நம் வீட்டில் யார் யாரைப் பேச விடுகிறார்கள் என்றாள் அப்பத்தா. பேத்தி இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நேர்காணலுக்கு அழைத்துவிட்டு மறுத்தவரிடமும் இப்படிப்பட்ட மதிப்பெண்கள் இல்லாமல் இராது. எடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

நேர்காணலுக்கே அழைக்காத இருவரிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. யூகேட்டில் விழுந்தாளா, பதினாறு வயதில் எழுதிய ஜிசிஎஸ்இ மதிப்பெண்ணில் விழுந்தாளா? யூகேட் என்றால் இந்தக் கோடையில் மறுபடி எழுதித் தேற்றிக்கொள்ளலாம். ஜிசிஎஸ்இ என்றால் அது நடந்து முடிந்த கதை. உங்கள் கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பிப்பது நான்கில் ஓர் இடத்தைக் கிணற்றில் போடுவதாகும். இந்த ஒரு சொல் தெரியாமல் ஒரு பெண் ஓர் ஆண்டை எப்படித் திட்டமிடுவாள்?

நாங்கள் ஆயிரம் குறை சொல்லும் நீட் தேர்வில்கூட எதிர்வீட்டுப் பையனுக்கு இதைவிட அதிகம் தெரியும். 720-க்கு எவ்வளவு, எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று அவன் கையில் தாள் இருக்கிறது. விடைத்தாளின் நகலைப் பார்க்கலாம். விடைக்குறிப்பு தவறென்றால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி எதிர்க்கலாம். அந்த எதிர்ப்பு என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தனியாகச் சொல்ல மாட்டார்கள். அந்த விஷயத்தில் அவர்களும் உங்கள் பங்காளிகள்தான்.

உங்கள் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் விவரங்களின் நகலை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம்; பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். மகன் அந்த வழியில் போகலாம் என்கிறான். பேத்தி தயங்குகிறாள், சண்டைக்காரி என்று குறித்துக்கொள்வார்களோ என்று. அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் பதினெட்டு வயதுப் பெண் அந்தப் பயத்தோடு கேட்க வேண்டியதைக் கேட்காமலே கொடுத்தால் என்ன?

இந்த ஆடியிலும் வருகிறாள். யூகேட் தேதி அதன் பிறகுதான். நான்கு கல்லூரிகளை அவள் எழுதப்போகும் தாளில் இப்போதைக்கு ஒரு பெயர்தான் இருக்கிறது. உங்கள் அரைப் பக்கம் ஆகஸ்டுக்குள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
கோட்டையூர்.